7 மணி 40 நிமிடக் கூத்துப் பதிவு, 4 ஜிபி ரேம் லேப்டாப்: எப்படிச் சமாளிப்பது?

செய்யாற்றங்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. என் தாய்மாமா தெருக்கூத்து வாத்தியார். எழுபது வயதைத் தாண்டியவர். இந்த ஆண்டு திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் அவருடைய ஜமா (கூத்துக் குழு) ஆடிய அருச்சுனன் தபசு இரவை, களரி கட்டி வாத்தியங்கள் முழங்கத் தொடங்கியதிலிருந்து மங்களம் பாடும் வரை, விட்டுவிடாமல் ஒலிப்பதிவு செய்தேன். மொத்தம் 7 மணி 40 நிமிடம். அவர் பாடும் தரு, விருத்தம் ஆகிய பாடல்களில் பாதி எந்த நோட்டுப் புத்தகத்திலும் கிடையாது. ஜமாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன்கள் செல்பேசியில் கேட்டுப் பாடம் செய்ய வேண்டும், அதற்காகத்தான் இத்தனை பாடு.

பதிவுக் கருவி உள்ளங்கை அளவுள்ளது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ, வேவ் கோப்பு என்று அமைத்திருந்தேன். கருவி தானாகவே நான்கு கோப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. விண்டோஸில் பார்த்தால் மூன்று கோப்புகள் 2 ஜிபி, கடைசிக் கோப்பு 1.40 ஜிபி.

கணினி, என் மகன் கல்லூரியில் பயன்படுத்திய லேப்டாப். 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. சி டிரைவில் 35 ஜிபி காலியாக இருந்தது.

இலவச மென்பொருள் ஒன்றைக் கொண்டு நான்கையும் ஒரே வேவ் கோப்பாக இணைத்தேன். கோப்பின் அளவு சரியாக 7.40 ஜிபி காட்டுகிறது. ஆனால் பிளேயரில் போட்டால் 3 மணி 31 நிமிடம்தான் ஓடுகிறது! மீதி நான்கு மணி நேரம் எங்கே போயிற்று?

பிறகு நான்கு கோப்புகளையும் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வரிசையாகச் சேர்த்தேன். முழுவதையும் தேர்வு செய்து ஜெனரேட்டர் இரைச்சலைக் குறைத்து, அதன்பின் ஒலி அளவை உயர்த்தினேன். இரண்டாவது வேலை நடக்கும்போதே டிஸ்கில் இடமில்லை என்று எச்சரிக்கை வந்தது. அதற்குள் மவுஸ் அம்புக்குறிகூட நகரவில்லை. வேறொரு முறை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே வேவ் ஆக ஏற்றுமதி செய்யப் பார்த்தேன். 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை எழுத முடியாது என்று மறுத்துவிட்டது.

கடையில் கேட்டால் புது லேப்டாப் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமா? அல்லது முதலிலேயே எம்பி3 ஆக மாற்றிக்கொண்டு, அந்தச் சிறிய கோப்பைத் திறந்து வேலை செய்தால் கணினி தாங்குமா?

---

ஆரணி சர்வீஸ்

வணக்கம் டீச்சர். புது லேப்டாப் எல்லாம் வேண்டாம். லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தால் ரேம் மூடி இருக்கும். இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் 4 ஜிபி ரேம் ஒன்று போட்டு 8 ஆக்கிவிடலாம். அரை மணி நேர வேலை. சில மாடல்களில் ரேமை போர்டிலேயே பற்ற வைத்திருப்பார்கள், அதில் ஒன்றும் செய்ய முடியாது. மாடல் எண்ணை எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன். 4 ஜிபியில் விண்டோஸ் 10-ஐ ஓட்டுவதே கஷ்டம், அதில் ஏழு மணி நேர ஒலியை ஏற்றினால் எந்தக் கணினியும் படுத்துவிடும்.

---

ஸ்பூல் தாத்தா

அம்மா, கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் வானொலியில் ஒலிப்பதிவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். என் வீட்டுக் கணினியும் 4 ஜிபி ரேம்தான். அதில் இதைவிட நீளமான கச்சேரிப் பதிவுகளை வெட்டியிருக்கிறேன். ஆரணித் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது: இங்கே ரேம் மூன்றாவது குற்றவாளி. முதல் இருவரையும் பிடிக்காமல் அவனை மட்டும் பிடித்து உள்ளே போட்டுப் பயனில்லை.

முதலில் அந்த 3 மணி 31 நிமிடம். உங்கள் பதிவு எங்கேயும் போகவில்லை. வேவ் கோப்பின் தலைப்பகுதியில், "உள்ளே இத்தனை பைட் இருக்கிறது" என்று எழுதி வைக்க ஓர் இடம் உண்டு. அந்த இடம் 32 பிட் அகலம். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் ஏறக்குறைய 429 கோடியே 49 லட்சம். அதையும் தாண்டினால், பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி, மறுபடியும் சுழியத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 48,000 மாதிரிகள் (சாம்பிள்), ஒவ்வொன்றும் 3 பைட், இரண்டு சேனல். ஆக நொடிக்கு 2,88,000 பைட். 7 மணி 40 நிமிடத்துக்கு 794 கோடியே 88 லட்சம் பைட். இதில் 429 கோடியே 49 லட்சத்தைக் கழித்தால் மிச்சம் 365 கோடியே 39 லட்சம். அதை 2,88,000-ஆல் வகுங்கள். 12,687 நொடி வரும். மணிக்கணக்கில் சொன்னால் 3 மணி 31 நிமிடம் 27 நொடி. உங்கள் பிளேயர் காட்டியது இதைத்தான். ஒலி முழுவதும் டிஸ்கில் கிடக்கிறது, முகப்பில் எழுதியிருக்கும் கணக்கு மட்டும் தப்பு.

இணைத்துக் கொடுத்த அந்த மென்பொருள் வாயைத் திறக்காமல் எழுதிவிட்டது. ஆடாசிட்டி முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னது. எனக்கு இரண்டாவது ரகம்தான் பிடிக்கும். மூலக் கோப்புகள் உங்களிடம் பத்திரமாக இருப்பதால் இணைத்த கோப்பை அழித்துவிடலாம். மூலம் தொலைந்து, இப்படிப்பட்ட கோப்பு மட்டும் கையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக: ஆடாசிட்டியில் "ரா டேட்டா" இறக்குமதி என்று ஒன்று இருக்கிறது. அது தலைப்பகுதியை நம்பாது. 24 பிட், ஸ்டீரியோ, 48,000, தொடக்கத்தில் 44 பைட்டைத் தள்ளிவிடு என்று நாம் சொல்ல வேண்டும். பெரும்பாலான வேவ் கோப்புகளில் தலைப்பகுதி 44 பைட்தான். முழு ஒலியும் வந்துவிடும்.

இரண்டாவது, டிஸ்க். ஆடாசிட்டி முழு ஒலியையும் ரேமில் ஏற்றுவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு, வேண்டிய துண்டை மட்டும் எடுத்துப் படிக்கும். ஆனால் உங்கள் 24 பிட் ஒலியை உள்ளே வாங்கும்போது 32 பிட் ஆக்கிக்கொள்கிறது. நொடிக்கு 3,84,000 பைட். ஆக, நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இறக்குமதி மட்டும் செய்தபோதே 10.6 ஜிபி போய்விட்டது. முழுவதையும் தேர்ந்தெடுத்து இரைச்சலைக் குறைத்தீர்கள். மாறிய ஒலி புதிதாக 10.6 ஜிபி எழுதப்பட்டது. பழையது அழிவதில்லை, ஏனென்றால் நீங்கள் "அன்டூ" அழுத்தினால் திருப்பித் தர வேண்டுமே! அடுத்து ஒலி அளவை உயர்த்தினீர்கள், இன்னொரு 10.6. மூன்றும் சேர்ந்து 32 ஜிபியை நெருங்குகிறது. உங்களிடம் இருந்ததோ 35. விண்டோஸ் தன் நினைவகப் பற்றாக்குறைக்கு அதே டிஸ்கில்தான் கடன் வாங்கும். அடுத்த முறை கணினி திணறும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் என்ற பத்தி 100 சதவீதத்தில் நின்றுகொண்டிருக்கும். அம்புக்குறி நகராததற்கு அதுவே காரணம்.

எம்பி3 யோசனை வேண்டாம். 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினால் முழு இரவும் 442 எம்பியில் அடங்கிவிடும், உண்மை. ஆனால் அதைத் திறந்த உடனே ஆடாசிட்டி விரித்துப் போட்டு அதே 10.6 ஜிபி ஆக்கிவிடும். தரத்தை இழந்ததுதான் மிச்சம்.

இனி வேலை முறைக்கு வருகிறேன். ஸ்பூல் காலத்தில், விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் 1,200 அடி டேப் ஒன்று 32 நிமிடம் வரும். உங்கள் தபசு இரவுக்கு 15 ஸ்பூல் வேண்டும். பதினைந்தையும் ஒட்டி ஒரே ஸ்பூலாக்கி அதன்பின் பிளேடை எடுப்போம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. தோன்றினாலும் அப்படி ஒரு ஸ்பூல் கிடையாது. இப்போது கணினி "ஒரே கோப்பாக்கு" என்று ஆசை காட்டுகிறது, நாமும் மயங்கிவிடுகிறோம். உங்கள் கருவி 2 ஜிபிக்கு ஒரு கோப்பாகப் பிரித்துக் கொடுத்தது தொல்லை இல்லை அம்மா, வசதி. ஒவ்வொன்றும் 2 மணி 4 நிமிடம். அப்படியே இருக்கட்டும்.

நான்கு மூலக் கோப்புகளையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, தொடாமல் வைத்துவிடுங்கள். மெமரி கார்டிலிருந்து நேரடியாகத் திறந்து வேலை செய்யாதீர்கள். பழைய பென் டிரைவில் போட நினைத்தால் ஒரு எச்சரிக்கை: ஃபேட்32 முறையில் வடிவமைத்த டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. உங்கள் துண்டுக் கோப்புகள் அதற்கு உட்பட்டவைதான். ஆனாலும் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் நல்லது.

முதல் கோப்பை மட்டும் ஆடாசிட்டியில் திறவுங்கள். ஏறக்குறைய 2.9 ஜிபி எடுக்கும், உங்கள் கணினி தாங்கும். ஒலியில் கை வைக்காமல் கேட்டுக்கொண்டே போங்கள். திரைப் பிரவேசம், தரு முடிந்து வசனம் தொடங்கும் இடம், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வரும் இடம் என்று ஒவ்வொன்றிலும் கண்ட்ரோல் விசையோடு எம் எழுத்தை அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு லேபிள் விழும். அதில் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். கூத்து தெரிந்தவர் நீங்கள், இந்த வேலையை எந்த மென்பொருளும் உங்களுக்காகச் செய்யாது. லேபிள் போட்டு முடித்தபின், லேபிள் வாரியாகப் பல கோப்புகளாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. வகை ஃபிளாக், 24 பிட். ஃபிளாக் ஒலியைச் சுருக்கும், ஆனால் ஒரு பிட்கூட இழக்காது. உள்ளே இருக்கும் ஒலிக்கு ஒரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்தே எழுதி வைப்பதால், பத்தாண்டு கழித்துத் திறந்தாலும் கோப்பு கெட்டிருக்கிறதா என்று சோதிக்கலாம். திருவிழாச் சத்தத்துக்கு நடுவே எடுத்த பதிவு, ஸ்டூடியோப் பதிவு அளவுக்குச் சுருங்காது. அதற்காகச் சோர்ந்துவிடாதீர்கள்.

இப்படி நான்கையும் முடித்தபின் உங்கள் கையில் பத்து, இருபது நிமிடத் துண்டுகள் இருக்கும். இருபது நிமிடத் துண்டு ஆடாசிட்டியில் 460 எம்பி. இப்போது இரைச்சலைக் குறையுங்கள், அளவை உயர்த்துங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். சி டிரைவுக்குத் தெரியக்கூடத் தெரியாது. நீண்ட வேலையின் நடுவில் இடம் குறைந்தால் வியூ மெனுவில் ஹிஸ்டரி என்ற ஜன்னல் இருக்கிறது. ஒவ்வொரு படியும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும், பழைய படிகளை அங்கேயே கைவிடலாம். கைவிட்டால் அந்தப் படிக்குத் திரும்ப முடியாது.

இன்னும் இரண்டு. ஆடாசிட்டியின் திட்டக் கோப்பை, இணையச் சேமிப்போடு தானாக ஒத்திசையும் கோப்புறையில் வைக்காதீர்கள். வேலை நடக்கும்போது அந்தக் கோப்பு விடாமல் மாறிக்கொண்டே இருக்கும், மாறும் ஒவ்வொரு தடவையும் அது பதிவேற்றப் பார்க்கும். வேலை நேரத்தில் பிரவுசரையும் மூடிவிடுங்கள். ரேமைப் பொறுத்தவரை நான் சொல்வது அவ்வளவுதான்.

---

ஆரணி சர்வீஸ்

தாத்தா சொன்னதில் எனக்குக் கோபமில்லை. டிஸ்க்தான் நெருக்கடி என்றால் என் ஆலோசனையை மாற்றிக்கொள்கிறேன் டீச்சர்: காசு செலவழிப்பதாக இருந்தால் ரேமைவிட எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) செலவழியுங்கள். அந்தக் காலத்து லேப்டாப் என்றால் உள்ளே இருப்பது இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க்காகத்தான் இருக்கும். அதே இடத்தில் எஸ்எஸ்டி உட்காரும். கழற்றிய பழைய டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி உறைக்குள் போட்டால் பதிவுகளை வைக்க வெளி டிஸ்க் ஆகிவிடும். ரேம் தீர்ந்து விண்டோஸ் டிஸ்க்கில் கடன் வாங்கினாலும் எஸ்எஸ்டியில் அவ்வளவு வலிக்காது.

---

செய்யாற்றங்கரை

ஐயா, தம்பி, இருவருக்கும் மிக்க நன்றி. 3 மணி 31 நிமிடக் கணக்கை எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியரிடமும் காட்டினேன். அவர் கரும்பலகையில் போட்டுப் பார்த்துவிட்டு, இதைத் தேர்வில் கேட்கப் போகிறேன் என்கிறார்.

முதல் கோப்பில் லேபிள் போட்டு, ஃபிளாக் துண்டுகளாகப் பிரித்துவிட்டேன். கணினி முணுமுணுக்கக்கூட இல்லை. எஸ்எஸ்டி பற்றி மகனிடம் பேசியிருக்கிறேன்.

இன்னும் மூன்று சந்தேகங்கள். முதல் கோப்பு முடிந்து இரண்டாவது தொடங்கும் இடம், மாமா ஒரு விருத்தத்தை நீட்டிப் பாடிக்கொண்டிருக்கும்போது சரியாக நடுவில் வருகிறது. "மலை" என்ற சொல்லில் "ம" ஒரு கோப்பில், "லை" மறு கோப்பில்! இதை எப்படி ஒட்டுவது? இரண்டாவது, ஜெனரேட்டர் இரைச்சலைக் குறைத்தால் முகவீணை (சிறு நாகசுரம் போன்ற குழல்) தண்ணீருக்குள் இருந்து வாசிப்பதுபோல் கேட்கிறது. மூன்றாவது, அருச்சுனன் மரம் ஏறும்போது ஊர்க்காரர்கள் அதிர்வேட்டு போட்டார்கள். அந்த இடத்தில் அலைவடிவம் மேலும் கீழும் கத்தரித்ததுபோல் தட்டையாக இருக்கிறது. 24 பிட் பதிவில் மீட்க முடியும் என்று எங்கோ படித்தேன், சரியா?

---

மட்டுநகர் களரி

வணக்கம் அக்கா. மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். இங்கே வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் அரங்கேற்றமும் விடிய விடியத்தான் நடக்கும். எங்கள் அண்ணாவியாரின் (கூத்து ஆசிரியரின்) கூத்துகளை நாங்களும் இப்படித்தான் பதிவு செய்து வருகிறோம். என்னிடம் இருப்பது 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினி, லினக்ஸ் போட்டிருக்கிறேன். உங்களுக்கு விண்டோஸிலும் இது பயன்படும் என்பதால் சொல்கிறேன்.

வெட்டுவதற்கும் வகை மாற்றுவதற்கும் மட்டும் என்றால் ஜன்னல் உள்ள மென்பொருளே தேவையில்லை. சாக்ஸ், எஃப்எஃப்எம்பெக் என்று இரண்டு கட்டளைவரிக் கருவிகள் உள்ளன, இரண்டும் இலவசம். அலைவடிவத்தை வரைந்து காட்டுவதில்லை, அன்டூ வைத்திருப்பதில்லை. ஒரு கை அளவு ஒலியைப் படித்து, வேலையைச் செய்து, எழுதிவிட்டு, அடுத்த கை அளவை எடுக்கும். எட்டு நிமிடக் கோப்பானாலும் எட்டு மணி நேரக் கோப்பானாலும் பிடிக்கும் நினைவகம் ஒன்றுதான். எஃப்எஃப்எம்பெக்கில் ஒலியை மறுபடி குறியாக்கம் செய்யாமல், குறித்த நேரத்திலிருந்து குறித்த நேரம் வரை அப்படியே நகலெடுக்கச் சொல்லலாம். டிஸ்க் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் முடிந்துவிடும். நான் லேபிள்களை ஆடாசிட்டியில் போட்டு, அந்த நேரப் பட்டியலை எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்து, வெட்டுவதை இதனிடம் விட்டுவிடுவேன்.

முழு இரவும் ஒரே கோப்பாகத்தான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால் அதற்கும் வழி உண்டு. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வகுத்த ஆர்எஃப்64 என்ற வகை வேவ் மாதிரியேதான், அளவு எழுதும் இடம் மட்டும் 64 பிட். எஃப்எஃப்எம்பெக்கிடம் சொல்லி வைத்தால் 4 ஜிபியைத் தாண்டும்போது தானே அதற்கு மாறிக்கொள்ளும். ஆனால் எல்லாப் பிளேயர்களும் அதைத் திறப்பதில்லை. ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்கத்தான் அது நல்லது, பையன்களின் செல்பேசிக்கு அல்ல.

நினைவகம் குறைந்தவர்கள் ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஒலியின் உச்சத்தைப் பார்த்து முழுவதையும் உயர்த்தும் வேலைக்கு, உச்சம் எங்கே இருக்கிறது என்று தெரிய கோப்பைக் கடைசி வரை ஒரு தரம் படித்தாக வேண்டும். அது மங்களத்திலும் இருக்கலாம். அதற்காக சாக்ஸ் ஒரு தற்காலிகக் கோப்பு எழுதும். ஃபெடோரா போன்ற சில லினக்ஸ் வகைகளில் தற்காலிகக் கோப்புறையே நினைவகத்தில்தான் இருக்கிறது! டிஸ்க்கில் எழுதுகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, 2 ஜிபி நினைவகத்தில் 8 ஜிபி கோப்பை அடைக்கப் பார்க்கும். தற்காலிகக் கோப்பு எங்கே போக வேண்டும் என்று சாக்ஸிடம் சொல்லும் வசதி உண்டு, டிஸ்க்கில் ஒரு கோப்புறையைக் காட்டிவிடுங்கள்.

---

ஸ்பூல் தாத்தா

மட்டக்களப்புத் தம்பி சொன்ன ஆர்எஃப்64 எனக்கும் பிடித்த வகை. அம்மாவின் மூன்று சந்தேகங்களுக்கு வருகிறேன்.

"ம", "லை" விஷயம் எளிது. கருவி இடைவெளி விடாமல் பிரித்திருந்தால், முதல் கோப்பின் கடைசி மாதிரிக்கு அடுத்த மாதிரிதான் இரண்டாம் கோப்பின் முதல் மாதிரி. எனவே முதல் கோப்பிலிருந்து அந்த விருத்தம் தொடங்கும் இடம் முதல் கடைசி வரை, இரண்டாம் கோப்பின் தொடக்கத்திலிருந்து விருத்தம் முடியும் வரை, இந்த இரு துண்டுகளை மட்டும் எடுத்து ஒரே டிராக்கில் ஒன்றின் முதுகில் மற்றொன்று ஒட்டுமாறு வையுங்கள். ஒட்டிய இடத்தில் மாதிரிப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும் வரை பெரிதாக்கிப் பாருங்கள். கோடு ஏறிக்கொண்டிருந்தால் தொடர்ந்து ஏறும், இறங்கிக்கொண்டிருந்தால் தொடர்ந்து இறங்கும். திடீரென்று படி மாதிரி ஒரு குதி தெரிந்தால் மட்டுமே சந்தேகப்பட வேண்டும். குதி இல்லாத இடத்தில் கிராஸ்ஃபேட் (ஒன்றைத் தேயவிட்டு மற்றொன்றை ஏற்றும் இணைப்பு) போட்டு மெழுகப் பார்க்காதீர்கள். இரண்டு துண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அந்த அளவுக்கு நேரம் குறையும், தாளக்காரர் தப்பாகத் தட்டியதுபோல் கேட்கும். உங்கள் மாமாவே முதலில் கண்டுபிடித்துவிடுவார்.

முகவீணை தண்ணீருக்குள் போவது இரைச்சல் குறைப்பை அதிகம் வைத்ததால். பாதிப் பேர் செய்யும் காரியம் இது, இரைச்சலை ஒழித்தே தீருவது என்று கிளம்பிவிடுகிறார்கள். 6 டெசிபலில் தொடங்குங்கள். ஜெனரேட்டர் தூரத்தில் ஓடுவது கேட்டால் கேட்கட்டும், திருவிழாவில்தானே எடுத்தது? இரைச்சல் மாதிரியைக் களரி கட்டுவதற்கு முன் ஜெனரேட்டர் மட்டும் ஓடும் சில நொடிகளிலிருந்து எடுங்கள். விடியற்காலைத் துண்டுகளுக்கு அதே மாதிரி பொருந்தாது. விளக்குகளின் சுமை மாற மாற ஜெனரேட்டரின் சுருதியும் நகர்ந்திருக்கும். அந்தந்தக் கோப்பில் யாரும் பாடாத, அடிக்காத இரண்டு நொடியைத் தேடி எடுங்கள். கீழ் அதிர்வெண்களை மொத்தமாக வெட்டும் வடிகட்டியைப் போட்டுவிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். போட்டால் ஜெனரேட்டரோடு சேர்ந்து மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கத் தாழ்ந்த) ஓசையும் மெலிந்துவிடும். வலப்பக்கத்து வலந்தலை மட்டும் டிக் டிக் என்று கேட்கும் கூத்து எனக்குப் பிடிக்காது.

அதிர்வேட்டை மீட்க முடியாது. 24 பிட் என்பது கீழ்ப்பக்கத்து வசதி. மெல்லிய ஒலிகளை இரைச்சலுக்கு மேலே நுணுக்கமாகப் பதியும். கூரையின் உயரம் 16 பிட்டிலும் 24 பிட்டிலும் ஒன்றுதான். கூரையில் முட்டித் தட்டையான அலையில் மேலே என்ன இருந்தது என்று எந்தக் கோப்பும் நினைவு வைத்திருக்காது. தட்டையான உச்சியை ஊகித்து வளைத்துக் கொடுக்கும் கருவி ஆடாசிட்டியில் உண்டு. பாட்டின் நடுவே லேசாக முட்டிய இடங்களுக்கு அது உதவும், வேட்டுக்கு வேண்டாம். வேட்டுச் சத்தம் தட்டையாக இருந்தால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் அந்த ஒரு வேட்டுதான் உங்கள் துண்டின் உச்சம். உச்சத்தைப் பார்த்து ஒலியை உயர்த்தும் கருவிக்கு, உயர்த்த இடமே இல்லை என்று தோன்றும். வேட்டு வெடித்த அந்த ஓரிரு நொடிகளை மட்டும் தேர்ந்தெடுத்து 10 டெசிபல் இறக்கிவிட்டு, அதன்பின் முழுத் துண்டையும் உயர்த்துங்கள். மரத்தின் மேலிருந்து பாடுவது அப்போதுதான் மேலே வரும்.

அடுத்த ஆண்டு பதிவு செய்யும்போது, மிகச் சத்தமான பாட்டில் முள் உச்சத்துக்கு 12 டெசிபல் கீழே நிற்குமாறு கருவியை வையுங்கள். 24 பிட்டில் தாழ்வாகப் பதிவதால் ஒன்றும் குறைந்துவிடாது. 96 கிலோஹெர்ட்ஸுக்குப் போகச் சொல்லி யாராவது அறிவுரை சொல்வார்கள். அப்படிப் போனால் இதே இரவு 15.9 ஜிபி. பழைய ஒலிநாடாக்களைப் பாதுகாக்கும் காப்பகங்களுக்கே சர்வதேச ஒலி, ஒலி-ஒளி ஆவணக் காப்பகச் சங்கம் குறைந்தபட்சமாகச் சொல்வது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்தான். நீங்கள் வைத்திருப்பதும் அதுவே.

பையன்களுக்குக் கொடுக்க எம்பி3, 128 கேபிபிஎஸ் போதும். இருபது நிமிடத் துண்டு 19 எம்பி வரும். கோப்பின் பெயரை எண்ணில் தொடங்குங்கள், 01, 02 என்று. இல்லாவிட்டால் செல்பேசி அகர வரிசையில் அடுக்கி, அருச்சுனன் மரத்திலிருந்து இறங்கிய பிறகு ஏற வைத்துவிடும்.